செயலி கட்டும் முன் ஒரு யோசனையைச் சோதிப்பது எப்படி? டர்பன் சைவ மதிய உணவுத் திட்டம்

கேள்வி: உம்லங்கா கணினியாளர்

வணக்கம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து, சில ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உம்லங்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சொந்தமாக ஒரு புத்தொழில் தொடங்கும் விருப்பம் இருக்கிறது. கைப்பணத்தை இறக்குவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் வீட்டிலிருந்தே சமைத்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். உம்லங்கா, லா லூசியா அலுவலகங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கோ, புரட்டாசி வந்துவிட்டால் மதியத்துக்கு நம்பிச் சாப்பிடக்கூடிய சைவ உணவு எளிதில் கிடைப்பதில்லை. கோழி பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரித்திருப்பார்களோ என்ற ஐயத்தில் பலர் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த இரு தரப்பையும் இணைத்து, முதல் நாள் இரவு பதிவு செய்தால் மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குள் சாப்பாடு வந்து சேரும்படி ஒரு செயலி கட்டலாம் என்பது என் திட்டம். ஒரு பொதி 80 ராண்ட். அதில் சமைப்பவருக்கு 55 ராண்ட்.

செயலியைக் கட்டித் தர ஒரு நிறுவனம் 2,80,000 ராண்ட் கேட்கிறது. அது என் சேமிப்பில் பெரும்பகுதி. அலுவலக நண்பர்களுக்கும் அவர்கள் வழியாக மற்றவர்களுக்கும் ஒரு கேள்விப் படிவம் அனுப்பிப் பார்த்தேன். பதில் தந்தவர்களில் ஏறக்குறைய அனைவருமே, இப்படி ஒன்று வந்தால் கட்டாயம் பயன்படுத்துவோம் என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் பதில்களை எந்த அளவுக்கு நம்பலாம்? கட்டுவதற்கு முன்பே இது ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்ள வேறு என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: பீனிக்ஸ் அடுப்படி

தம்பி, சாப்பிடுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். சமைக்கிறவர்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் இருப்பவள் நான், ஆகையால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு வியாழக்கிழமை மாலையிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் வரத் தொடங்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெயர், எத்தனை தட்டு, காரம் எவ்வளவு, பணம் வந்ததா இல்லையா என்று நான்கு கட்டம் போட்டு எழுதிக்கொள்வேன். தட்டு என்று நான் சொல்வது, ஒரு குடும்பம் சாப்பிடும் அளவு பெரிய அலுமினியத் தாள் பாத்திரம். எங்கள் வருமானம் பெரும்பாலும் வார இறுதித் தட்டுகளிலிருந்தே வருகிறது. ஆளுக்கொரு பொதியாகக் கட்டுவது வேறு வேலை. சோற்றைத் தனியாகவும் டாலைத் தனியாகவும் சுகர் பீன்ஸ் என்ற பயற்றுக் கறியைத் தனியாகவும் போட்டு, ஊற்றியது ஒழுகாமல் மூடி, பெயர் ஒட்டிக் கொடுக்க வேண்டும். காலை பதினொரு மணிக்குள் இருபது பொதிக்கு மேல் என் ஒருத்தியின் கையால் ஆகாது.

புரட்டாசியில் எங்களுக்கு ஆர்டர் தேடித் தர ஆள் தேவையில்லை. இரண்டாவது வாரத்திலிருந்தே இல்லை, முடியாது என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். செப்டம்பர் 24, பாரம்பரிய தினம், எப்போதும் புரட்டாசிக்குள்தான் வரும். ஊரே வீட்டு முற்றத்தில் இறைச்சி சுடும் அந்த நாளில், விரதம் இருக்கும் குடும்பங்கள் அதே நெருப்பில் போட்டுச் சாப்பிடப் குச்சியில் குத்திய பன்னீர், காளான் சொசாட்டி கேட்பார்கள். அதற்கே கை போதாது. மாதம் முடிந்த மறுநாள் நிலைமை தலைகீழ். எல்லோரும் ஆட்டுக்கறிக்கும் கோழிக்கறிக்கும் திரும்பிவிடுவார்கள். பீன்ஸ் கறி கேட்க ஆள் இராது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் படிவத்துக்குப் பதில் எழுதியவர்கள் யார்? உங்களைப்போல் இந்தியாவிலிருந்து வந்தவர்களா, இங்கேயே நான்கைந்து தலைமுறையாக இருப்பவர்களா? அவர்கள் கேட்பது சாம்பார், ரசம், பொரியல். எங்கள் கைக்கு வருவது டர்பன் கறி, ரொட்டி, புளிக்கீரை. இரண்டும் நல்ல சாப்பாடுதான், ஆனால் ஒன்றை எதிர்பார்த்திருப்பவருக்கு மற்றொன்றைக் கொடுத்தால் மறுநாள் ஆர்டர் வராது.

மறுமொழி: லெனேசியா தயாரிப்பு மேலாளர்

அக்கா சொன்னதற்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது சோதிக்கும் முறையைப் பற்றியதுதான். ஜொகன்னஸ்பர்க்கில் நிதித்துறைச் செயலிகளில் வேலை செய்கிறேன். புதிய வசதி ஒன்றைக் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதே என் அன்றாடப் பணி.

படிவத்தில் வந்த பதில்களை ஒதுக்கி வைத்துவிடுங்கள். இனிமேல் செய்வேன் என்று சொல்வதற்கு ஒருவருக்கு எந்தச் செலவும் இல்லை. உங்கள் முகத்துக்காகவும் சொல்வார்கள். ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடந்த புரட்டாசியில் ஒரு சாதாரண புதன்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீர்கள், அதை யார் சமைத்தார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், வேறு வழி தேடிப் பார்த்தீர்களா, தேடியிருந்தால் ஏன் கைவிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். உங்கள் யோசனையை அந்தப் பேச்சில் வாய்திறந்து சொல்லவே கூடாது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதில் தங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று பெரும்பாலோர் சொன்னால், நீங்கள் தீர்க்க நினைக்கும் சிக்கல் அவர்களிடம் இல்லை என்று பொருள். ஏற்கெனவே பீனிக்ஸில் ஓர் அம்மாவிடம் சொல்லிவைத்து, உறவினர் கார் வரும் நாளில் மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை விடாதீர்கள். பணமும் சிரமமும் செலவழித்து அரைகுறையாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பவர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்.

ஓர் இடத்தில் வென்ற யோசனை இன்னோர் இடத்தில் தேவைப்படுமா என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கென்யாவில் 2007இல் சஃபாரிகாம் என்ற கைப்பேசி நிறுவனம் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணச்சேவை அந்த நாட்டின் கொடுக்கல் வாங்கலையே மாற்றிவிட்டது. அதையே 2010இல் வோடாகாம் கைப்பேசி நிறுவனம் நெட்பேங்க் வங்கியுடன் சேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து, மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிப் பேரைச் சேர்ப்பதாக இலக்கு வைத்தது. 2014இல் புதிய வடிவில் மறுபடியும் தொடங்கிப் பார்த்தார்கள். 2016இல் மூடியபோது தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 76,000 பேர் மட்டுமே. தொழில்நுட்பத்தில் குறை இருக்கவில்லை. கென்யாவில் அப்போது வங்கிக் கணக்கு இல்லாதவர்களே பெரும்பான்மை. இங்கே அந்த நிலை இருக்கவில்லை. ஊருக்கு ஊர் பணம் எடுக்கும் இயந்திரங்கள் இருந்தன. பேரங்காடிக் கல்லாவிலேயே ஊருக்குப் பணம் அனுப்பும் வழி ஏற்கெனவே இருந்தது. மக்கள் எதை விட்டுவிட்டு இதற்கு வருவார்கள் என்ற கேள்விக்கு விடை பலவீனமாக இருந்தது. உங்கள் திட்டத்தில் அதே கேள்வியைக் கேளுங்கள்: வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு ஒருவர் தினமும் 80 ராண்ட் கொடுப்பாரா?

அடுத்து, செயலி இல்லாமலே விற்றுப் பாருங்கள். இன்று அமெரிக்காவின் பெரிய உணவு விநியோக நிறுவனமான டோர்டாஷ், 2013 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் சிலர் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ஓர் எளிய இணையப் பக்கம்தான். அக்கம்பக்கத்து உணவகங்களின் விலைப்பட்டியல்களைப் பிடிஎஃப் கோப்புகளாக அந்தப் பக்கத்தில் ஏற்றி, கீழே ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டார்கள். அழைப்பு வந்தால் அவர்களே உணவகத்துக்குப் போய் வாங்கி, தங்கள் காரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆர்டர் வருமா என்ற கேள்விக்கு விடை காண அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. உங்களுக்கு வாட்ஸ்அப் வணிகக் கணக்கும், அதில் ஒரு விலைப்பட்டியலும், ஒரு விரிதாளும் போதும். பணத்தை, வங்கிகளின் உடனடிப் பணப்பரிமாற்ற வசதியான பேஷாப் வழியாகக் கைப்பேசி எண்ணுக்கே முதல் நாள் இரவு வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு வந்தபின் பணம் தருகிறேன் என்பவரின் ஆர்டரை இந்தச் சோதனையில் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு வழக்கத்தையும் கடைப்பிடியுங்கள். தொடங்கும் முன்பே, எந்த எண் வந்தால் மேலே போவேன், எந்த எண்ணுக்குக் கீழே போனால் கைவிடுவேன் என்று எழுதி, உங்களிடம் தயவு பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லையை நகர்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும்.

நீங்கள் கொடுத்த விலையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஒரு பொதியில் உங்களுக்கு மிஞ்சுவது 25 ராண்ட். பீனிக்ஸிலிருந்து உம்லங்காவுக்கு ஒரு நடைக்கு ஓட்டுநர் 200 ராண்ட் கேட்டால், எட்டுப் பொதி விற்றால்தான் நடைக்கூலி தேறும். அக்கா சொன்ன இருபது பொதியும் விற்றால் நாளுக்கு 300 ராண்ட் மிஞ்சும். 2,80,000 ராண்டை அதிலிருந்து மீட்க 930 வேலை நாட்களுக்கு மேல் ஆகும். அதாவது மூன்றரை ஆண்டுக்கும் அதிகம். புரட்டாசியில் மட்டும் விற்றால் நாற்பது ஆண்டையும் தாண்டும். இந்தக் கணக்குக்கு எந்தச் செயலியும் வேண்டாம், ஒரு காகிதம் போதும். சமைப்பவர் எண்ணிக்கை, ஒரு நடையில் போகும் பொதிகளின் எண்ணிக்கை, ஆண்டில் விற்கும் நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றில் எது உயர்ந்தால் கணக்கு நேராகிறது என்று பாருங்கள். முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான்.

கேட்டவர்: உம்லங்கா கணினியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. படிவத்துக்குப் பதில் எழுதியவர்களை அக்கா கேட்டபடி பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலோர் சென்னை, ஹைதராபாத்திலிருந்து வந்த என் போன்றவர்கள்தாம். அவர்களில் புரட்டாசி விரதம் இருப்பவர்கள் குறைவு; ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்கள் கணிசமாக உண்டு. இது முற்றிலும் வேறு வாடிக்கையாளர் கூட்டம் என்பது இப்போது தெளிவாகிறது.

ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. இருபது பேருக்கு நானே கையால் செய்து காட்டினால், அது ஆயிரம் பேருக்கும் ஓடும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுமொழி: மாரிட்ஸ்பர்க் கணக்கர்

சொல்ல முடியாது. ஆனால் இருபது பேருக்கே ஓடாதது ஆயிரம் பேருக்கு ஓடாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். இந்தக் கட்டத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த உறுதி. மேலும், கையால் செய்யும்போது தெரிய வரும் செலவுகள் எல்லாம் உண்மையான செலவுகள்: மூடி ஒழுகிய பொதி, அலுவலக வாசலில் காவலர் உள்ளே விடாததால் காத்திருந்த கால் மணி நேரம், ஆர்டர் கொடுத்துவிட்டு அன்று வீட்டிலிருந்தே வேலை செய்தவர். எந்தக் கணிப்பிலும் இவை வருவதில்லை.

லெனேசியா நண்பர் சொன்ன ஒன்றில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். முன்பணம் கொடுத்தார்கள் என்பதையே சான்றாகக் கொள்ள வேண்டாம். நம் சமூகத்தின் இயல்பை அறிந்து சொல்கிறேன். கோயில் திருப்பணிக்கும் காவடி அன்னதானத்துக்கும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளை புதிதாக ஏதோ தொடங்குகிறான் என்றால் 80 ராண்ட் கொடுப்பதற்கு யாரும் தயங்க மாட்டார்கள். அது உங்களுக்குக் கொடுத்தது, சாப்பாட்டுக்குக் கொடுத்தது அன்று. ஆகவே முதல் ஆர்டரை விட்டுவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் எண்ணுங்கள். நீங்கள் நினைவூட்டாமல், வாரம் கழித்து அவர்களாகவே மறுபடியும் கேட்டால்தான் அது தேவை. உங்களுக்கு அறிமுகமே இல்லாதவர்களின் ஆர்டர்களை விரிதாளில் தனி நிரலில் எழுதி வையுங்கள்; அந்த நிரலைப் பார்த்தே முடிவெடுங்கள்.

புரட்டாசியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அந்த மாதத்தில் சோதித்தால் வரும் எண்கள் உங்களை ஏமாற்றும். எந்தச் சைவ உணவும் விற்கும் மாதம் அது. அக்கா போன்றவர்களுக்கு அப்போது இடமும் இல்லை, ஆகவே தேவை மிகுதியாகவும் சமைப்பவர் பற்றாக்குறையாகவும் தோன்றும். நவம்பரில் இரண்டும் நேர்மாறாகிவிடும். தை மாதக் காவடி விரதம், ஆடி மாதக் கூழ் வழிபாடு, புனித வெள்ளியை ஒட்டி இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் விழா என்று ஆண்டில் வேறு சில விரத நாட்களும் உண்டு. ஆனால் அவை நாட்கணக்கில் முடிபவை. என் யோசனை, எந்த விரதமும் இல்லாத ஒரு மாதத்தில் முதலில் விற்றுப் பார்ப்பது. வறண்ட மாதத்திலும் மறுபடி கேட்பவர்கள் இருந்தால் புரட்டாசி உங்களுக்குக் கூடுதல் வருமானம். அப்படி யாரும் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு மாதத் தொழில். அதையும் நேர்மையாக, செயலி இல்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை நடத்தலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

மறுமொழி: ஓவர்போர்ட் வாசகர்

சட்டம் தொடர்பாக இரண்டு செய்திகள் மட்டும். விற்பனைக்காக உணவு சமைக்கும் இடத்துக்கு, 2018இல் வெளியான ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதிகளின்படி நகராட்சியின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டுச் சமையலறையும் இதற்கு விலக்கன்று. டர்பனில் எத்தெக்வினி நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு சமையலறையை நேரில் பார்த்து இதை வழங்குகிறது. சோதனைக்காகத்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பொறுப்பு சமைத்தவர் மீதும் உங்கள் மீதும் வரும். எத்தனை பேரிடம் இந்தச் சான்றிதழ் இருக்கிறது, இல்லாதவர்களில் எத்தனை பேர் அதற்கு விண்ணப்பிக்க முன்வருவார்கள் என்பதையும் சோதிக்க வேண்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, படிவத்தில் திரட்டிய கைப்பேசி எண்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. கருத்துக் கேட்பதற்காக வாங்கிய எண்ணுக்கு, ஒப்புதல் இல்லாமல் விற்பனைச் செய்தி அனுப்பக் கூடாது. ஒவ்வொருவரிடமும் ஒருமுறை தெளிவாகக் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

கேட்டவர்: உம்லங்கா கணினியாளர்

அனைவருக்கும் நன்றி. செயலி நிறுவனத்திடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விரதமில்லாத மாதம் ஒன்றில், வாரத்தில் புதன்கிழமை மட்டும், லா லூசியாவில் ஒரே அலுவலக வளாகத்துக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். ஒரே இடத்தில் இறக்கினால் நடைக்கூலி எவ்வளவு குறைகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள், ஆண்டு முழுவதும் சைவமாக இருக்கும் இந்தியர்கள் ஆகிய இரு கூட்டத்தாரின் ஆர்டர்களையும் தனித்தனியாக எழுதுவேன். ஒரே சாப்பாட்டை இரு சாராருக்கும் கொடுத்து, யார் மறுபடி கேட்கிறார்கள் என்று பார்ப்பேன். நான்காவது புதன்கிழமை, நான் கேட்காமலே மறுபடி பதிவு செய்தவர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் நிறுத்திவிடுவது என்று எழுதி, என் மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இந்த யோசனையில் தொடக்கத்திலிருந்தே நம்பிக்கை இல்லை.

பீனிக்ஸ் அக்கா, புதன்கிழமைகளில் உங்கள் கை காலியாக இருக்குமா? சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதா?

மறுமொழி: பீனிக்ஸ் அடுப்படி

சான்றிதழ் இருக்கிறது, தம்பி. சமையலறைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறேன், வந்தால் பார்க்கலாம். புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள்தான், ஆகையால் செய்து தருகிறேன். ஆனால் இருபதுக்கு மேல் ஒரு பொதிகூட ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணிக்கையைச் செவ்வாய் இரவு ஏழு மணிக்குள் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பீன்ஸை அன்றிரவே ஊறப்போட வேண்டும். பாத்திரங்களின் விலை என் 55 ராண்டில் அடங்காது, அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் புதன்கிழமை ஓட்டுநரை அனுப்பாமல் நீங்களே வாருங்கள். பொதி கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.